வண்டி எத்தனை மணிக்கு?

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஒன்பது மணி அடித்தால் உங்களுக்குக் கண் சொருகிவிடும். பத்து வருடம் கம்பெனி வண்டிக்காக விடியலில் எழுந்த உடம்பு. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. ஆனால் கனி தூங்கவே பத்து மணி ஆகிவிட்டது. அவள் தூங்கினால்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைக்கும். உங்கள் கொழுந்தனாருக்கு இந்த வாரம் பிரஸ்ஸில் நைட் ஷிப்ட். மணி பன்னிரண்டரை ஆகிறது.

எழுத உட்கார வைத்தது உங்கள் நீலக் கோட்டு. மருத்துவ வண்டியில் போகும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்வீர்களே, அதுதான். நீங்கள் போனதிலிருந்து ஐந்து மாதமாக அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் கிடந்தது. நாளைக்கு அதை நான் போட வேண்டியிருப்பதால் இறக்கினேன். பையைப் பிரித்ததும் தைல வாசம் அறையை அடைத்தது. கோட்டின் இடது பையில் உங்கள் சின்னத் தைலக் குப்பி. மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருக்கிறீர்கள். கசிந்து, துணியில் எட்டணா அகலத்துக்குக் கறை. வாசம் கட்டில் வரைக்கும் போயிருக்க வேண்டும். கனி எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை. "பெரிம்மா வந்தாச்சா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. முதலில் வந்தது பொறாமை. நெஞ்சுக்குள் காந்தியது. விருதுநகர் மிளகாய் வத்தல் கடைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குக் காந்தல் தெரியாதா? தெரியும். மூடை பிரிக்கிற நாளில் தெருவே தும்மும். நாங்கள் பழகிப்போய் அந்த நெடியிலேயே சோறு சாப்பிடுவோம். இதுவும் அப்படி ஒரு நெடிதான். மூன்று வருடமாக இதற்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நீங்கள் இந்தத் திருத்தங்கல் வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். நீங்கள் பத்தாம் வகுப்பு, நான் சமூகப் பணியில் முதுகலை. நிச்சயத்தன்று என் அப்பா அதை மூன்று தடவை சொன்னாராம். வந்த புதிதில் நீங்கள்தான் அதை நடித்துக் காட்டினீர்கள்: இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வத்தல் விலை சொல்கிற அதே குரலில், "பொண்ணு எம்.எஸ்.டபிள்யூ., பாத்துக்கோங்க." அத்தை சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். அப்போது காந்தவில்லை. அப்போது எல்லாம் என் பக்கம் இருந்தது.

கனி வயிற்றில் இருந்தபோதுதான் அந்த விண்ணப்பத்தை எழுதினேன். நான் வேலை பார்த்த சிறிய தொண்டு அமைப்பின் செயலாளர் சார் ஒரு நாள் சொன்னார்: சென்னையில் ஓர் அறக்கட்டளை, மருத்துவ வசதி எட்டாத ஊர்களுக்கு நிதி கொடுக்கிறதாம், எழுதிப் பாரும்மா. ஒரு வாந்திக்கும் அடுத்த வாந்திக்கும் நடுவில் எழுதினேன். தாயில்பட்டிக்கும் அப்பால், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டிகள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற கருவிகள், இத்தனையும் ஏற்றிய ஒரு வண்டி. கனிக்கு ஆறு மாதம் ஆனபோது நிதி வந்தது. அத்தை கேசரி கிண்டினார். என் மாமனார் பேப்பர் படிக்கிறவர்களிடம் எல்லாம் போய், எங்க சின்ன மருமக எழுதி வாங்குனது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் என் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். அதை நான் இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

வண்டி ஓடுவதற்கு முன்பு கணக்கெடுக்கப் போனேன். கனியை அத்தையிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போக முடிந்தது. வீடு வீடாக ஃபாரம். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "சும்மாதான் இருக்கோம்" என்றார்கள். இல்லத்தரசி என்று எழுதினேன். அடுத்த வீடு, இல்லத்தரசி. அதற்கடுத்த வீடு, இல்லத்தரசி. வாசலில் சாக்கு விரித்துக் காகிதக் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன, தாண்டித்தான் போனேன். அது பட்டாசு வட்டாரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆண்கள் ஆலைக்குப் போகிறார்கள், பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று காகிதம் சொன்னது. சொன்னதை எழுதுவதுதான் ஆய்வு என்று கல்லூரி சொல்லித் தந்தது. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வசதியான நேரம் எது? சமையல் முடிந்து, காலை பத்திலிருந்து ஒன்று. அப்படியே அட்டவணை போட்டேன்.

முதல் மாதம் நாடக மேடைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டுத் தாத்தாக்கள் வந்தார்கள். ஒருவர் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, இதுக்கும் ஒரு ஊசி போடுவீகளா என்று கேட்டார். பெண்கள் வரவில்லை. ஒருவர்கூட. மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு அறக்கட்டளையின் மேடம் கேட்டார், பெண்களுக்காகத்தானே இந்த நிதி, பெண்கள் எங்கே? இரண்டாம் மாதமும் இப்படியே போனால் வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

அடுப்படி மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கனியைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதேன். நீங்கள் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவது வெங்காயத்துக்கா வேறு எதற்கா என்று முதலில் உங்களுக்கே சந்தேகம். கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஃபாரக் கட்டை எடுத்தீர்கள். புரட்டினீர்கள். உங்கள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஏ தாயி, இந்த ஊர்ல அம்புட்டுப் பொம்பளையும் சும்மாவா இருக்காளுக? அப்ப தீபாவளிக்கு வெடிக்கிறதெல்லாம் ஆரு செஞ்சது? தேவலோகத்துல இருந்து இறங்குச்சோ?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்றேன். நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: ஃபாரத்தோடு வந்து வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பின்னாலேயே ஆபீசர்கள் ஜீப் வரும், ஜீப்புக்குப் பின்னால் கம்பெனிக்குப் பூட்டு விழும், பூட்டு விழுந்தால் வீட்டில் உலை ஏறாது, அதனால் அந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். அப்புறம் சொன்னீர்கள்: "வேலை என்னன்னு கேக்காத. வண்டி எத்தனை மணிக்குன்னு கேளு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட வந்தீர்கள். கனி உங்கள் இடுப்பில். முதல் வீடு முத்துமாரியினுடையது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முந்தைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். நீங்கள் படியில் உட்கார்ந்து, ஊர் வழியாகப் போகிறவர் மாதிரி கேட்டீர்கள்.

"வண்டி எத்தனை மணிக்கு?"

"ஏழேகாலுக்கு வந்துரும்க்கா. சாயந்தரம் அஞ்சரைக்கு விலக்குல இறக்கி விட்டுருவான். நீங்க எந்தக் கம்பெனில இருந்தீக?"

"விஸ்வநத்தம் பக்கம். சரம் பின்னுவேன்."

"அடி ஆத்தி. விரலைக் காட்டுங்க பாப்போம்."

காட்டினீர்கள். அவளும் காட்டினாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே காய்ப்பு. அப்புறம் என்ன, வீடு வீடாக அதே கேள்வி. எந்தக் கம்பெனி வண்டி, யார் எந்த இடத்தில் உட்கார்வது, யாருக்கு நடுமுதுகு வலி, யாருக்கு இருமல், யார் சம்பளம் போகும் என்று மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, எல்லாம் தானாக வந்து விழுந்தது. எழுதி எழுதி என் கை வலித்தது. இத்தனை நாள் நான் பூட்டில் சாவியைத் தலைகீழாகப் போட்டுத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பும்போது பெரிய ரோட்டில் ஊருக்குப் பிரிகிற அந்த விலக்கைக் காட்டினீர்கள். வேப்பமரம், ஒரு சிமென்ட் பெஞ்சு. "இங்கன வந்து நிக்கட்டும் உன் வண்டி. அஞ்சரைக்கு. நாங்க ஏழேகாலுக்குப் போயிட்டா, பத்து மணிக்கு வந்து ஆருக்கு ஊசி போடுவ, ஆட்டுக்கா?"

நாங்க என்றீர்கள். வேலையை விட்டு அத்தனை வருடமாகியும் நாங்க. அது என் காதில் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் தேவைப்பட்டது. கம்பெனி வண்டிகள் வேப்பமரத்தடியில் நிற்க, பெண்கள் வெடிமருந்துப் பொடி வெள்ளியாகப் படிந்த கைகளோடு இறங்கி வரிசையில் நின்றார்கள். 'ஊசி வண்டி' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பீர்கள்: முதலில் கையைக் கழுவுங்கடி, பி.பி. பார்க்கிற பட்டை பூராவும் வெள்ளிக்கொலுசு மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் உங்களுக்கு அந்தக் கருவியைச் சுற்றக் கற்றுக்கொடுத்தார். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவிக்கு அறக்கட்டளை ஒப்புக்கொண்டது.

அது எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன் அக்கா. கனிக்கு ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருந்தேன். செயலாளர் சார் போன் செய்து, உங்க அக்கா வருவாங்களா என்று கேட்டார். உங்கள் நியமனக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். உங்கள் பெயரை அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று அடித்தேன். நீலக் கோட்டு வந்தது. அத்தை உங்களுக்கு 'கலெக்டரம்மா' என்று பட்டம் கட்டினார். எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு என்ன பட்டம் தெரியுமா? "அந்தப் பொட்டிய மூடிட்டு வந்து மாவு பிசை தாயி." அது உங்கள் வாயிலிருந்து வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அத்தை சொன்னார், பிசைந்தேன்.

ஏழரை மணிக்கு நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். முருங்கைக்காயோ, கொய்யாவோ, யாராவது கொடுத்தனுப்பியது கையில் இருக்கும். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் கனி என் மடியிலிருந்து இறங்குவாள். வாயில் நான் ஊட்டிய சோறு இருக்கும், அதோடு ஓடுவாள். உங்கள் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார், மாமா, எல்லோரும் உங்களைச் சுற்றி உட்கார, அன்றைக்கு விலக்கில் நடந்ததை நடித்துக் காட்டுவீர்கள். அந்தப் பெயர்களை எல்லாம் நான் பதிவேட்டிலிருந்து அறிக்கைக்கு மாற்றி எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு அவர்கள் பெயரும் அழுத்தமும் தெரியும். உங்களுக்கு அவர்கள் சிரிக்கிற சத்தம் தெரியும். உங்கள் மகள் மதுரையில் காலேஜ் விடுதியில் இருந்தாள், அதனால்தான் கனி மேல் அத்தனை பிரியம் என்று அத்தை சொல்வார். காரணம் எதுவாக இருந்தால் என்ன. என் பிள்ளை என் மடியிலிருந்து இறங்கினாள்.

இனி சொல்லப்போவது நீங்கள் அறிந்ததுதான், ஆனால் நான் வாயால் சொன்னதில்லை. முதல் ஆண்டு அறிக்கையில் எழுதினேன்: "கள ஆய்வின் அடிப்படையில் நேர அட்டவணை மாற்றியமைக்கப்பட்டது." யார் மாற்றியது என்று அந்த வாக்கியத்தில் ஆள் கிடையாது. படித்தவர்கள் திருடுவது இப்படித்தான் அக்கா, ஆளை எடுத்துவிட்டு வினையை மட்டும் வைப்பது. பிறகு கணினியில் மீட்டிங் வைத்தார்கள். மேடம் மிகவும் மகிழ்ந்து, வேலையைக் கேட்காமல் வண்டி நேரத்தைக் கேட்பது என்ன அருமையான யோசனை, யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். நீங்கள் எனக்குப் பின்னால் அடுப்படியில் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும். "எங்க ஃபீல்டு ஸ்டடில வந்தது மேடம்" என்றேன். தோசை திருப்புகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

மீட்டிங் முடிந்து திரும்பினேன். தட்டில் தோசையை வைத்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "நல்லாப் பேசுன தாயி. எனக்கெல்லாம் இப்படிப் பேச வராது."

அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தோசையைச் சாப்பிட்டேன்.

போன தீபாவளி சீசன் உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து, ஐந்தரை வண்டி ஆறரையானது, ஏழானது. நீங்களும் அதற்கேற்றபடி நின்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படித் தரையில் படுத்து நெற்றி முழுக்கத் தைலம் தேய்த்துக்கொள்வீர்கள். ஒரு சனிக்கிழமை, சார்ஜ் ஏற்றுவதற்காக அந்தக் கருவி வீட்டுக்கு வந்திருந்தது. "இதை எனக்கு ஒருக்கா சுத்திப் பாரேன், பிடரி வலிக்குது" என்றீர்கள். கனி அன்றைக்கு என்னிடம் சாப்பிடாமல், பெரியம்மாவிடம்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டிருந்தாள். சோறு தரை முழுக்க. நான் சொன்னேன்: "நாள் பூரா ஊரோட சிரிச்சுப் பேச முடியுது, வீட்டுக்கு வந்தா மட்டும் தலைவலி வந்துருது. நர்ஸ்கிட்டயே பாத்துக்கிட வேண்டியதுதான."

நீங்கள் எழுந்து உட்கார்ந்து, சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினீர்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து விலக்கில், முத்துமாரியின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டீர்கள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மதுரையில் மூன்று நாள். அழுத்தம் ரொம்ப நாளாகவே அதிகமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் படித்தவள் நான்தான் என்பதால் பார்த்தார்.

அப்புறம் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தேடினேன். ஒவ்வொரு வரியும் உங்கள் சாய்ந்த கையெழுத்து. எந்த வரியிலும் உங்கள் பெயர் இல்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவள் நான். பயனாளிக்கு இடம் வைத்தேன், பயனாளியின் குடும்பத்துக்கு இடம் வைத்தேன். வண்டியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கட்டம் வைக்கத் தோன்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். உங்களை எடுக்கும் முன்பு கம்பெனி வண்டிகள் நம் தெருமுனையில் வந்து நின்றன. வேலை உடுப்போடு, கை கழுவாமல் வந்தார்கள். உங்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டதில் உங்கள் முகமெல்லாம் வெள்ளி மினுங்கியது. அத்தை துடைக்கப் போனார், உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அழுதுகொண்டிருந்த நான் அந்த நேரத்திலும் நினைத்தேன்: எனக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள். செத்துக் கிடப்பவளிடம் பொறாமைப்பட்டேன் அக்கா. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன். இருந்தேன்.

நீங்கள் போன பிறகும் ஊசி வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. நர்ஸ் இறங்கி நிற்கிறார். கம்பெனி வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் வேப்பமரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் பலர். நாளை மாலை சென்னையிலிருந்து மேடமும் இன்னொருவரும் விலக்குக்கே வந்து பார்க்கிறார்கள். அடுத்த மூன்று வருடத்துக்கு நிதி உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். ஆள் இல்லாத வேப்பமரத்துக்கு யார் நிதி கொடுப்பார்கள்? வண்டி நின்றால் மறுபடியும் இரண்டு பஸ், ஒரு நாள் லீவு, ஒரு நாள் சம்பளம். அவர்கள் போகமாட்டார்கள். பிடரி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள்.

நீயே நில்லும்மா, வேறு ஆள் இல்லை என்றார் செயலாளர் சார். போன வாரம் ஒத்திகை மாதிரி போய் நின்றேன். சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபாரம். முத்துமாரி இறங்கினாள். முகம் ஊதியிருந்தது. "மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க அந்த ஃபாரம் அம்மாதான?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சும்மாதான் இருக்கோம் என்று அன்றைக்குச் சொன்ன அதே முகம்.

இன்று இரவு புதுப்பிப்பு விண்ணப்பத்தை முடித்தேன். முதல் கட்டத்தில் கற்றது என்ன, யாரிடமிருந்து கற்றீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. உங்கள் பெயரை முழுதாக எழுதினேன். பத்தாம் வகுப்பு என்று எழுதினேன், பத்து வருடம் சரம் பின்னியவர் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுத்து ஊரையே இல்லத்தரசி ஆக்கிய என் தவறையும், வண்டி நேரத்தைக் கேட்கச் சொன்னது நீங்கள் என்பதையும், மீட்டிங்கில் நான் சொன்னது பொய் என்பதையும் எழுதினேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் கை நின்றது. எழுதாவிட்டால் நாளைக்கு விலக்கில் அவர்கள் முன்னால் நிற்க எனக்கு வாய் வராது, அதனால் எழுதினேன். பதிவேட்டில் பணியாளர் என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். முதல் வரி நர்ஸ், இரண்டாவது டிரைவர், மூன்றாவது நான். கருவியை என் கையில் நானே சுற்றிப் பார்த்தேன். ஒரு கையால் சுற்றுவது சிரமம். இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கோட்டை எடுத்தேன். வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி வைத்தேன், ஊறப் போட. கோட்டில் அழுக்கு இல்லை. உங்கள் வாசம் போய்விட்டால் அது வெறும் கோட்டு, என் கோட்டு. கனியும் ராத்திரியில் எழுந்து உட்காரமாட்டாள். அதற்காகத்தான். வாளி வரைக்கும் கொண்டுபோனேன். அங்கே நின்றபோது முத்துமாரியின் ஊதிய முகம் நினைவுக்கு வந்தது. என் முகத்துக்கு அவர்கள் நிற்கமாட்டார்கள். இந்த வாசத்துக்கு ஒரு நொடி நிற்பார்கள். அந்த ஒரு நொடிக்குள் நான் கேட்டுவிட வேண்டும். மருந்தைப் பற்றி இல்லை. "வண்டி இன்னைக்கு லேட்டோ?" என்று.

சோப்புத் தண்ணீரில் கனியின் சட்டைகளைப் போட்டுவிட்டேன். கோட்டு நாற்காலியில் தொங்குகிறது. எனக்குத் தோள் தொளதொளவென்று இருக்கிறது, கையை மடித்துக்கொள்வேன். குப்பியை மூடி இறுக்கி அதே பையில் போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். "நல்லாப் பேசுன தாயி" என்றீர்களே, அது மனதாரச் சொன்னதா, குத்திச் சொன்னதா? மூன்று மணிக்குக் கனி பால் கேட்டு எழும்போதெல்லாம் இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். மனதாரச் சொன்னீர்கள் என்றால் அதை என்னால் தாங்க முடியாது. குத்தல் என்றால் எனக்கு நிம்மதி. என் படிப்பைப் பார்த்து, என் பேச்சைப் பார்த்து, உங்களுக்கும் ஒரு நாளாவது நெஞ்சு காந்தியது என்று ஆகும். நாம் இரண்டு பேரும் ஒரே நெடியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்று ஆகும்.

நாளைக்கு ஐந்தரைக்கு விலக்கில் இருப்பேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அக்கா.